எடுத்துப் போட்ட சத்தம்

பேய் என்றாலே முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். ஆனால் இது என் அக்கா வீட்டுக்காரருக்கு, என் மச்சானுக்கு நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

மச்சானுக்குத் தொழில் மாஸ்டரிங். டீஜேக்கள் பாட்டோடு பாட்டைக் கோத்து அனுப்பும் மிக்ஸை மெருகேற்றி, காரிலும் போனிலும் கணீரென்று கேட்கும்படி செய்வார். அந்த வெள்ளிக்கிழமை அவர் கையில் இருந்தது சொந்தத் தம்பியின் மிக்ஸ். டீஜே வாய்ப்புக் கேட்டு நாயாய் அலைந்தவனுக்கு ஒரு பெரிய கிளப் கதவைத் திறந்திருந்தது. நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

"அண்ணே, சொதப்பிடாத. என் வாழ்க்கையே இதுதான்" என்று காலையில் போனில் சொல்லிவிட்டு, சின்னவன் தன் ஒத்திகை அறைக்குப் போய்விட்டான். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த அறை. அங்கே சிக்னல் கிடைக்காது.

மதியம் இரண்டு மணி. இரைகிற இடங்களை அமுக்கி, மெல்லிய இடங்களைத் தூக்கினார் மச்சான். இரண்டு பாட்டுக்கு நடுவே...

டொக்... டொக்.

மிக்சரிலிருந்து நேராகப் பதிவான ஃபைல். மைக்கே கிடையாது. பிறகு தட்டுகிற சத்தம் எப்படி வரும்?

அக்கா எட்டிப் பார்த்தாள். "யாருங்க கதவத் தட்டுறது?"

"யாருமில்ல. இவன் ஃபைல்ல ஏதோ குப்பை."

இரைச்சலை நீக்கும் மென்பொருளை ஓட்டினார். போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து கேட்டார். இப்போது வேறு இடத்தில்... வேகமாக.

டொக் டொக் டொக்.

"என்ன கருமம்டா இது!"

எடுத்தார். அடுத்த பாட்டின் முடிவில் வந்தது. அதையும் எடுத்தார். தம்பிக்குப் போனைப் போட்டார். சிக்னல் இல்லை. வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்.

ஒவ்வொரு முறையும் சத்தம் மெலிந்தது...

கடைசியில் ஒரு சுரண்டல்.

அதையும் எடுத்தார்.

சுத்தம்.

மூன்று ஐம்பதுக்கு அனுப்பிவிட்டார். நீக்கிய சத்தத்தை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்பது அவர் வழக்கம். குப்பையோடு பாட்டும் போயிருக்கக் கூடாதல்லவா? அன்று அவசரத்தில் அதைச் செய்யவில்லை. அனுப்பிய பிறகுதான் ஹெட்போனை மாட்டினார்.

தட்டல்.

இருமல்.

"அண்ணே... கதவு..."

சுரண்டல்.

பிறகு ஒன்றுமே இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஒத்திகை அறைக்கு ஓடினார். கதவை உடைத்ததும் புகை குப்பென்று வந்தது. ஒயர் கருகியிருந்தது. தாழ்ப்பாள் சிக்கியிருந்தது. சின்னவன் கதவோடு ஒட்டிக் கிடந்தான். விரலெல்லாம் ரத்தம்.

"பக்கத்து ரூம்லதான் தச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு சின்னச் சத்தம்கூட கேக்கலயே சார்!" என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எப்படிக் கேட்கும்? சத்தம் வெளியே போகாதபடி அந்தச் சுவருக்கும் கதவுக்கும் பஞ்சுப் பலகை அடித்துக் கொடுத்ததே மச்சான்தான்.

தம்பி அனுப்பிய ஃபைலைப் பிறகு நானே முழுதாகக் கேட்டேன். அதில் தட்டலும் இல்லை, இருமலும் இல்லை. அது இரண்டு நாள் முன்பே பதிவானது.

பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் எங்களிடம் ஒன்று சொன்னார்.

"மூணரை வரைக்கும் உயிர் இருந்திருக்கு. யாராவது வந்து கதவத் திறந்திருந்தா பொழச்சிருப்பாரு."