வலிக்கலன்னு சொல்லு

என் பெற்றோரின் முதுகு முன்பக்கம் மட்டும்தான் வளைந்தது, கருங்குழிப் பக்கம், அடுத்தவர் வயலில். என் மகளின் முதுகு பின்பக்கம் வளைந்தது. கேளம்பாக்கத்தில் ஒரு மாடிக் கூடத்தில் நடக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில், ஆறாவது படிக்கும் அவள் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவாள். ஓரத்து நாற்காலிகளில் இருக்கும் மற்ற அம்மாக்கள் உடனே என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே சிறுசேரி அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பி வருவேன்.

பயிற்சி தரும் பெண், சேர்ந்த அன்றே எங்களிடம் சொல்லியிருந்தார். தசை வலித்தால் பயமில்லை, சில நாளில் போய்விடும். பின்னால் வளையும்போது இடுப்பில் ஒரே இடத்தில் குத்தினால் மட்டும் தன்னிடம் உடனே சொல்ல வேண்டும். சரி என்றேன். எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

செங்கல்பட்டில் மாவட்டப் போட்டிக்கான தேர்வு நெருங்கிய சமயம், குளித்துவிட்டு வந்த மகள் இடுப்பின் இடப்பக்கத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினாள். “அம்மா, இங்க மட்டும் குத்துது. பின்னால வளைஞ்சா தாங்க முடியல.”

தைலம் தேய்த்தேன். வெந்நீர்ப் பை வைத்தேன். கேப் ஓட்டும் என் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி, கொழந்தைக்கு டிங்கரிங் பண்ணிகினு கீற? ஒரு வாரம் லீவு வுட்டாத்தான் இன்னா?”

“செலக்‌ஷன் வருது. நீ போய் உன் வண்டியப் பாரு.”

அவர் நகர்ந்ததும் மகளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “மேடம் கேட்டா வலிக்கலன்னு சொல்லு. தெரிஞ்சா உக்கார வச்சிடுவாங்க.”

“சரிம்மா” என்றாள். நான் சொல்வதை எப்போதும் கேட்கிற பிள்ளை.

தேர்வன்று பின்னால் வளைந்து கை ஊன்றியவளால் எழ முடியவில்லை. பயிற்சியாளர் ஓடிவந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டார். “முன்னாடியே வலி இருந்துச்சாடா? நேத்துகூட கேட்டேனே!” மகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற நான் அவள் துணிகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

அங்கிருந்தே கணவரின் வண்டியில் எலும்பு மருத்துவரிடம் போனோம். அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகை அழுத்திக்கொண்டே கேட்டார். “இங்க வலிக்குதா கண்ணு?”

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். “என்னம்மா சொல்லணும்?” என்றாள்.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்றார். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

“இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?” என்றார் வெளியே நின்ற கணவர். தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னேன்.

முதுகெலும்பில் மெல்லிய விரிசல். மாதக்கணக்கில் ஓய்வு, இடுப்பில் பட்டை, குனியக் கூடாது, வளையக் கூடாது. சின்ன வயது, ஆறிவிடும் என்றார்கள். ஆறித்தான் வருகிறது. ஆனால் “வலிக்குதா?” என்று நான் கேட்கும்போதெல்லாம் “இல்லம்மா” என்கிறாள், உடனே, பாடம் ஒப்பிப்பதுபோல. அது உண்மையா என்று கண்டுபிடிக்க எனக்கு வழி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மகள் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள்.

“முதுகு நோவுதாம். கெளம்பலாமா?” என்றார் அவர்.

நான் அவளுக்கு இந்தப் பக்கம், தோள் உரசுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

விரிப்பை உதறி மடித்தேன். “கோவமாம்மா?” என்று கேட்டாள்.

“இல்லடா” என்றேன். அவளால் குனிய முடியாதே என்று செருப்பை எடுத்துப் போடப் போனேன். அதற்குள் அவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் எடுத்துப் போட்டதில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.