சம்பந்தி வீட்டு வாழைத்தார்

என் கணவரை என்ன சொல்வதென்றே தெரியவில்லை. போன வருடம் சூலூரிலிருந்து இருவரும் மலையேற்றத்துக்குக் கிளம்பினோம். திரும்பும் வழியில் சம்பந்தி வீடு. "ரெண்டு சோலியும் ஒண்ணா முடிச்சுப்போடலாம்" என்று, பழுத்த வாழைத்தாரைக் கார் டிக்கியில் ஏற்றிவிட்டார்.

அடிவாரத்தில் வனக்காவலர், "ஏனுங்க, வண்டியில பழம் ஏதாச்சும் இருக்குங்களா? யானை நடமாட்டமுங்க" என்றார். இவர் யோசிக்காமல், "ஒண்ணுமில்லீங்க" என்றார். நான் முறைத்ததும், "அது சம்பந்தி ஊட்டுக்கு அம்மணி, நாம திங்கறதுக்கா?" என்று என் காதோரம் விளக்கம் வேறு!

பாதி வழியில் முழங்கால் வலித்தது. திரும்பிப் போய்க் காரில் உட்காரலாம் என்று நினைத்தேன். தனியாகப் போக மனமில்லாமல் கூடவே நடந்தேன். அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

இறங்கி வரும்போது காவலர் எங்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். காரின் பின்கண்ணாடியை உடைத்து, ஒரு யானை நிதானமாகப் பழம் தின்றுகொண்டிருந்தது. நான் காவலருக்குப் பின்னால் ஒதுங்கினேன். இவரோ, "சம்பந்தி ஊட்டுக்கு இனி வெறுங்கையோட எப்படிப் போறது?" என்கிறார்!

இப்போதெல்லாம் அடிவாரத்தில் கார் நின்றதும் நானே இறங்கி டிக்கியைத் திறந்து காட்டிவிடுகிறேன். காவலருக்குப் பதில் சொல்லும் வேலை இனி இவருக்கு இல்லை.