காலி முட்டைப் பெட்டி

பகலில் வீட்டில் ஆள் இருக்காது. அதனால், ஆயர் தாவாரிலிருந்து குஞ்சு பொரிக்க நான் கூரியரில் வரவழைத்த பன்னிரண்டு அடைமுட்டைகளுக்கு, புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையின் முகவரியைக் கொடுத்தேன். கடைக்காரரிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன்.

வேலை முடிந்து போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் என் பெட்டி பிரித்துக் காலியாகக் கிடந்தது. அங்கே ஒருவர் ரொட்டி சானாய்மேல் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“அடுத்தவங்க சாமான எடுத்து வியாபாரம் பண்றீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

கடைக்காரர் என்னைப் பின்பக்க ஸ்டோருக்குள் அழைத்துப்போனார். அரிசி மூட்டைமேல் ஓர் அட்டைத் தட்டு. அதில் பதினொரு முட்டைகள், கூர்முனை கீழே இருக்க நின்றன.

“ஒண்ணு ஒடஞ்சு ஒழுகுச்சு, தங்கச்சி. அதான் பிரிச்சேன். பெட்டில அடைமுட்டைன்னு எழுதியிருந்துச்சு. எங்க வீட்லயும் கோழி இருக்கு. லோரில குலுங்கி வந்த முட்டைலா, நாளைக்கு வரைக்கும் அசையாம இருக்கட்டும். ஒடனே குஞ்சு பொரிக்கிற மெஷின்ல வச்சிராதீங்க.”

வந்ததும் வைத்துவிடத்தான் காலையிலேயே மெஷினைச் சூடாக்கியிருந்தேன். “மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். கத்தியது எல்லார் முன்னாலும். மன்னிப்புக் கேட்டது ஸ்டோருக்குள். அதுதான் பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது.

மெஷினில் வைத்த இருபத்தொன்றாம் நாள் காலை, முதல் ஓடு விரிசல் விட்டு, கீச்சென்று சத்தம் கேட்டது. நேரே கடைக்கு ஓடினேன். பசியாற வந்தவர்களால் மேசையெல்லாம் நிரம்பியிருந்தது.

“அண்ணே, குஞ்சு பொரிச்சிருச்சு! நீங்க காப்பாத்துனது. அன்னைக்கு நான்தான் தப்பா பேசிட்டேன்!”

அன்று கத்தியதைவிடச் சத்தமாகவே சொன்னேன். ரொட்டி போடுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.