மெயின் சுவிட்சும் மூன்று விளக்குகளும்

பொங்கல் கழிந்து என் மனைவி இன்சுலின் போட ஆரம்பித்தாள். சித்திரை பிறந்தும் சர்க்கரை இறங்கிய பாடில்லை. வலது கால் பெருவிரலில் ஒரு புண் வேறு, ஆறவே மாட்டேன் என்றது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் யூனிட்டில் நாள் முழுக்க மிஷின் மிதிப்பவள் அவள்.

எனக்கு ஒரே சந்தேகம்தான், எனக்குத் தெரியாமல் இனிப்பு தின்கிறாள் என்று. அவள் தங்கை, போளிக்குப் பேர்போன கடம்பூரில் இருக்கிறாள். ஒருநாள் இவள் பையில் போளி மடித்த தாளைப் பார்த்துவிட்டேன். யூனிட்டில் எல்லாருக்கும் கொடுத்தேன் என்றாள். நான் விடுவேனா? எனக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும்.

"ஏட்டி, தின்னா தின்னேன்னு சொல்லு. டாக்டர் முன்னால என்னையும்லா முட்டாளாக்குத."

"சத்தியமா தொடல. நம்பாட்டா போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் புதுக் கிறுக்கு ஒன்று பிடித்தது. கோயம்புத்தூரில் படிக்கும் மகள், லீவுக்கு வந்தபோது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை விட்டுப் போயிருந்தாள். உள்ளே ஒரு குட்டி சர்க்யூட் போர்டு, கலர் கலராக ஒயர், எல்இடி விளக்குகள், வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்று. தீப்பெட்டி ஆலையில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன், ஐம்பத்து மூன்று வயதில் மொபைலில் வீடியோ பார்த்துக் கோடிங் எழுத உட்கார்ந்தேன். எல்இடிக்கு நீளக் கால், குட்டைக் கால் என்று இரண்டு உண்டு, மாற்றிச் செருகினால் எரியாது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. முதல் விளக்கு எரிந்தபோது நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

வீடியோவில் சொன்னபடி மூன்று விளக்கு வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தால் பச்சை, இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், முப்பதைத் தாண்டினால் சிவப்பு. அந்த வீடியோக்காரர் எந்த ஊரோ, மகராசன்! கோவில்பட்டி வெயிலுக்குக் காலையிலேயே சிவப்பு பிடித்துக்கொண்டது, அணையவே இல்லை. மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"யப்பா, நம்மூர்ல பச்ச எரியணும்னா பிரிட்ஜுக்குள்ளதான் வைக்கணும்" என்று சிரித்தாள். ஒருமுறை சிவப்பு வந்துவிட்டால் நாம் அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும்படி இன்னொரு வரியும் எழுதச் சொல்லிக்கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை சென்சாரை மட்டும் பிரிட்ஜுக்குள், இன்சுலின் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பழைய பிரிட்ஜ், கதவு ரப்பர் தொய்ந்துபோயிருந்தது வசதியாகிவிட்டது. அந்த இடுக்கு வழியே ஒயரை வெளியே எடுத்து, போர்டை பவர் பேங்கில் மாட்டினேன். பச்சை எரிந்தது. சந்தோஷமாக வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சிவப்பு.

கொதிக்கக் கொதிக்க சாம்பாரை உள்ளே வைத்திருப்பாள் என்று அதற்கும் அவளையே பிடித்தேன். காலையில் எனக்கு முன்னால் போய், எனக்குப் பின்னால் வீடு வருகிறவள் எப்போது வைத்திருப்பாள் என்று யோசிக்கவில்லை. காலையில் சிவப்பை அணைத்துவிட்டுத்தான் போவேன்; வெள்ளியும் சனியும் திரும்ப அதே சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். பொழுது சாயும்வரை பச்சை.

திங்கள் காலை அவள் போனபின் நானும் கிளம்பினேன். கதவைப் பூட்டுவதற்கு முன், வழக்கம்போல, மெயின் சுவிட்சை அணைத்தேன். உள்ளே பிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. சுவிட்சைத் திரும்பப் போட்டுவிட்டு ஓடிப்போய் பிரிட்ஜைத் திறந்து இன்சுலின் குப்பியைக் கையில் எடுத்தேன்.

தீப்பெட்டி ஆலைக்காரனுக்கு வீட்டிலும் நெருப்புப் பயம்தான். ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் இருக்கக்கூடாது என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் பழக்கம். பூட்டும்போது அணைப்பேன், வந்ததும் போடுவேன். அவள் வரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் அவளுக்கும் உறைக்கவில்லை. தினமும் ஒன்பது மணி நேரம் அந்த மருந்தை வெந்துபோக விட்டது நான்தான்.

அன்று வேலைக்குப் போகவில்லை. குப்பிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சூட்டில் வீரியம் போயிருக்கும், இனி இதைப் போடவேண்டாம் என்று டாக்டர் புது மருந்து எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தப்பு பூராவும் என்னுது. நல்லா வையி" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவள் வையவில்லை. சுவரைப் பிடித்தபடி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் உடம்பு இனிமே எந்த மருந்துக்கும் கேக்காதுன்னு நெனச்சிட்டேன். பிள்ளைய ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கிற வரைக்கும் இருந்தாப் போதும்னு சாமிட்ட கேட்டுட்டு இருந்தேன்" என்றாள்.

நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் இதை மனசில் வைத்துக்கொண்டு மிஷின் மிதித்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்போ என் உடம்பு மருந்துக்குக் கேக்குமா?" என்றாள்.

"கேக்கும்" என்றேன்.

அடுத்த மாதப் பரிசோதனையில் கேட்டிருந்தது.