கறுப்பு மட்டும் நம்முடையது

கத்தரிக்கோல் அக்கா என்று பெயர் இருப்பதால் அவரைத் தையல்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் துணியைத் தொட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக வட்டாரப் பாடநூல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஒரு கால் ஆடுகிற மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வாக்கியங்களை வெட்டிவந்தார். அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்த பதவிப்பெயர் ஒன்றரை வரி நீளம். அது தன் மேஜைக்கு வந்திருந்தால் அக்கா அதையும் வெட்டியிருப்பார்.

எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். நாட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாடத்தை அவரவர் மொழியில் படிக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஒருநாள் கூடி முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்காக மைய அலுவலகமும் வட்டார அலுவலகங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. தலைநகரில் இருக்கும் மைய அலுவலகம் எல்லா மொழிக்கும் பொதுவாகப் படங்களை நான்கு வண்ணத்தில் அச்சடித்து, எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டு, தாள்களை லாரியில் ஏற்றி அனுப்பும். வட்டார அலுவலகம் அந்த வெள்ளையில் தன் மொழியில், கறுப்பு மையில், பாடத்தை அடித்துக்கொள்ளும். அந்த வெள்ளைக்குக் கோப்பில் ‘உரைவெளி’ என்று பெயர். அலுவலகத்தில் ‘குழி’ என்பார்கள். தினமும் அதில் விழுகிறவர்களுக்குத்தான் சரியான பெயர் தெரியும்.

குழிக்கு மூன்று சட்டம். மூலத்தில் உள்ள எதையும் விடக்கூடாது. எழுத்தின் அளவைக் குறைக்கக்கூடாது. குழிக்கு வெளியே ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் இது நடக்காத காரியம் என்று யாருக்கும் தெரியும். ஆகையால் மூன்றையும் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை. குழியைத் தலைநகர மொழிக்கு அளவெடுத்து வெட்டியிருந்தார்கள். அங்கே ஆறு வார்த்தையில் முடிகிற விஷயம் நம் மொழியில் பதினொரு வார்த்தைக்குப் போய் மூச்சு வாங்கும். அந்தப் பதினொன்றை மறுபடி ஆறாக்குவதுதான் அக்காவின் உத்தியோகம். ஒருமுறை வானவில்லின் ஏழு நிறங்களில் ஐந்துதான் குழிக்குள் இறங்கின. ‘முதலியன’ என்று போட்டு வானவில்லைக் காப்பாற்றினார். மைய அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை அவர் சட்டம் போட்டு மாட்டவில்லை. ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் மடித்து வைத்தார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் நாலாம் வகுப்பு அறிவியல், பதினேழாம் பக்கம் வந்து சேர்ந்தது.

அந்தத் தாளை அவர் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளைத் தள்ளிவிட்டு விரித்து, அளவுகோலை வைத்துக் குழியை அளந்துகொண்டிருந்தார். கணவர் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர். முகம் கழுவிக்கொண்டு துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“இந்தப் பையன் கையில என்னம்மா?”

“குச்சி. ஷாக் அடிச்சவரைக் கம்பியிலேர்ந்து தள்ளிவிடறான். ‘மின்சாரமும் நாமும்’னு பாடம்.”

“குச்சியில இலை இருக்கே.”

“இருந்தா என்னங்க?”

துண்டு அப்படியே தோளில் நின்றது. “இலை இருந்தா பச்சைக் கொம்புன்னு அர்த்தம். பச்சைக் கொம்புன்னா உள்ள தண்ணின்னு அர்த்தம். இதால தள்ளினா தள்ளறவனையும் சேர்த்துப் புடிக்கும். யாரு போட்டது இந்தப் படத்தை? அந்தாளை ஒருநாள் என்கூட அனுப்பு, கம்பத்துல ஏத்தி விடறேன்.”

“கத்தாதீங்க, பாப்பா படிக்குது.”

“அது படிக்கத்தானே இந்தப் புஸ்தகம்? பள்ளிக்கூடம் திறந்தா நாலாவது போறா. இந்தப் பக்கத்தைப் பார்த்துட்டுக் கொல்லையில போய் ஒரு கொம்பை ஒடிச்சுட்டு நின்னான்னா?”

அவருக்கு இடதுகைக் கட்டைவிரலில் நகம் கிடையாது. அது போன கதையை வீட்டில் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அவரோடு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும். அவரைக் காப்பாற்ற ஓடிய இவர் கையிலிருந்ததும் பக்கத்து மரத்தில் அவசரமாக ஒடித்த கொம்புதான்.

“அப்ப என்னதான் எழுதணும்? சொல்லுங்க.”

“மெயினை அணை. ஆளைத் தொடாதே. பெரியவங்களைக் கூப்பிடு. அவ்வளவுதான். பத்து வயசுப் பிள்ளைக்குக் குச்சியே வேணாம்.”

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆறு வார்த்தை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியம் வெட்டாமலே குழிக்குள் இறங்கியது. ஆனால் மேலே அந்தப் பையன் இலையும் தழையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை துணை இயக்குநரின் அறைக்குப் போனார். துணை இயக்குநர் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தவர், அவ்வளவுதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பெரிய பிரச்சினை என்றால் இரண்டு பக்கமும் துடைப்பார்.

“நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா கலர் அவங்களோடது, கறுப்பு நம்மளோடது. படத்துல நமக்கு அதிகாரம் கிடையாது.”

“சார், பிள்ளைங்க உயிர் சார்.”

“உயிர் யாரோடதுன்னு ஒப்பந்தத்துல இல்லையேம்மா. எழுதிப் போடுங்க. மேல அனுப்பிடலாம்.”

எழுதிப் போட்டார். இரண்டு அலுவலகத்துக்கும் பொதுவாகக் கூட்டுறவுக் குழு என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை கூடி, அடுத்த கூட்டத்தின் தேதியை ஒருமனதாக முடிவு செய்யும். கடிதம் அங்கே போகக்கூடாது என்பதற்காக அக்கா நேரடியாக மைய அலுவலகத்தின் படப்பிரிவுக்கே அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. மைய அலுவலகத்தின் வேகத்துக்கு அது மின்னல்.

‘குறிப்பிட்ட படம் ஏழு பேர் கொண்ட நிபுணர் குழுவால் அங்கீகரிக்கப்பட்டது. முதல் வரைவில் குச்சி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் பசுமை குறைவு என்று குழு கருதியதால் இலைகள் சேர்க்கப்பட்டன. இவை மாணவர்களிடம் சுற்றுச்சூழல் உணர்வை வளர்க்கும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு தொலைபேசியை எடுத்துத் தலைநகருக்குப் போட்டார். படப்பிரிவு அதிகாரி மிகவும் மரியாதையானவர். அக்காவை ‘சகோதரி’ என்றே அழைத்தார்.

“சகோதரி, உங்க ஒரு மொழிக்காக மாத்த முடியாதே. படம் பதினாலு மொழிக்குப் பொது.”

“கரண்டும் பதினாலு மொழிக்கும் பொதுதாங்க. எந்த மொழிக்காரன் தொட்டாலும் அடிக்கும்.”

“மத்த பதிமூணு பேரும் ஒண்ணும் சொல்லலையே?”

“அவங்க வீட்ல யாரும் கம்பம் ஏறலை போல.”

“தாளெல்லாம் அச்சாயிடுச்சு சகோதரி. உங்க பங்கு மட்டும் நாலு லட்சம். அடுத்த பதிப்புல கண்டிப்பா கவனிக்கிறோம்.”

“அடுத்த பதிப்பு எப்போ?”

“இது தீர்ந்த உடனே.”

நாலு லட்சம் பிள்ளைகள் படித்துத் தீர்த்த பிறகு. இருபத்திரண்டு வருடம் அடக்கமாக வெட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்குக் காது மடல் சூடானது. போனை வைத்துவிட்டு, மேஜைக்காலுக்கு அடியிலிருந்த பாராட்டுக் கடிதத்தை உருவி இரண்டாகக் கிழித்தார். மேஜை ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டார்.

அச்சகம் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மை வாடையும் இயந்திரச் சத்தமும் படி இறங்கும்போதே மேலேறி வரும். ஃபோர்மேன் பக்கக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பதினேழாம் பக்கத்தின் தாள்கள் அவர் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நாலு லட்சம் பையன்கள், நாலு லட்சம் கொம்புகள்.

“ஃபோர்மேன், பதினேழாம் பக்கத்துக் கறுப்பு அச்சுத் தகடு இன்னும் போடலையே?”

“நாளைக்குத்தான்க்கா. ஏன், இன்னும் வெட்டணுமா?”

“இல்ல, சேர்க்கணும்.”

ஃபோர்மேன் டீயைக் கீழே வைத்தார். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த அக்கா எதையும் சேர்த்ததில்லை. அக்கா தாளின் மேல் பேனாவால் காட்டினார். படத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு பெரிய பெருக்கல் குறி. நடுவில் ‘இப்படிச் செய்யாதே.’ குழியில் கணவர் சொன்ன ஆறு வார்த்தை.

“அக்கா, இது குழிக்கு வெளிய இல்ல?”

“வெளியதான்.”

“என் வேலை போயிடும்க்கா.”

“கையெழுத்து நான் போடறேன். எனக்குத்தான் போகும். உனக்கு எத்தனை பிள்ளைங்க?”

“மூணு.”

“நாலாவது படிக்கிற வயசுல?”

ஃபோர்மேன் தகட்டைத் தயார் செய்யக் கிளம்பினார்.

பள்ளிகள் திறந்தன. நாலாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பிள்ளைகள் மறக்காமல் சொன்ன ஒரே பக்கம் பதினேழுதான். புத்தகமே தன்னைத் தப்பு என்று ஒத்துக்கொண்ட பக்கம் வேறு எதிலும் இல்லை அல்லவா? அக்காவின் மகள் வீட்டுச் சுவரில் மெயின் சுவிட்சுக்குக் கீழே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அதை யாரும் நகர்த்தக்கூடாது என்று அப்பாவுக்கே உத்தரவு போட்டாள்.

தண்டனையும் ஒழுங்காக வந்தது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம், விளக்கம் போதவில்லை என்று ஒரு கடிதம், ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று ஒரு கடிதம். குற்றம்: ‘பொது வண்ணப் பகுதியில் அனுமதியின்றிக் கறுப்பு மையைப் பயன்படுத்தியது.’ மூன்று கடிதத்திலும் கம்பி, கரண்ட், பிள்ளை என்ற வார்த்தைகள் ஓரிடத்திலும் இல்லை. அவ்வளவு கச்சிதமாக வெட்டத் தெரிந்த ஓர் ஆள் தலைநகரிலும் இருக்கிறார் போலிருக்கிறது என்று அக்கா சொன்னார். மேஜைக்காலுக்கு மூன்று கடிதமும் சரியான உயரம்.

அடுத்த பதிப்பின் தாள்கள் லாரியில் வந்து இறங்கியபோது ஃபோர்மேன் ஒன்றை உருவிக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“அக்கா, ஜெயிச்சுட்டீங்கக்கா! படத்தை மாத்திட்டாங்க!”

மாற்றியிருந்தார்கள். கொம்பு போய்விட்டது, இலை போய்விட்டது. ஒரு சிறுமி ஸ்டூல்மேல் ஏறி மெயின் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க நன்றாக வரைந்திருந்தார்கள். அந்தச் சிறுமியின் மேல், மூலைக்கு மூலை, பளபளவென்று சிவப்பில், ஒரு பெரிய பெருக்கல் குறி.

கூடவே ஒரு குறிப்பு. ‘வட்டாரப் பதிப்பு ஒன்றில் இக்குறி மாணவர்களை ஈர்த்ததாக அறிக்கைகள் வந்துள்ளதால், பதினான்கு மொழிகளுக்கும் பொதுவாக வண்ணத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.’

ஒரு மேஜை படத்தைத் திருத்தியிருக்கிறது. இன்னொரு மேஜை குறியைச் சேர்த்திருக்கிறது. இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்திருக்க வேண்டும். இப்போது பதினாலு மொழிப் பிள்ளைகளுக்கும் மெயினை அணைப்பது தப்பு.

அக்கா கத்தவில்லை. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு துணை இயக்குநரின் அறைக்குப் போனார். துணை இயக்குநர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் மேஜையிலேயே வைத்துவிட்டார்.

“அடப்பாவிங்களா,” என்றார். பதினான்கு மாதத்தில் இரண்டுதான் மிச்சமிருந்தது. “கறுப்பால சேர்க்கலாம், அழிக்க முடியாதேம்மா. அந்தச் சிவப்பை என்ன பண்ணுவீங்க?”

“சேர்க்கத்தான் சார் போறேன். படம் முழுக்கக் கறுப்பு அடிச்சுடப் போறேன். நம்ம ஆறு வார்த்தை எழுத்து வடிவத்துல மட்டும் மை படாம விட்டுடுவேன். மத்த பதிமூணு பேருக்கும் இன்னிக்கே நான் எழுதறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

துணை இயக்குநர் பேனாவைத் தேடினார். கண்ணாடி இல்லாமல் எங்கே கையெழுத்துப் போடுவது என்று அக்காவே விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த வருடத்துப் பதினேழாம் பக்கத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பக்கத்தின் முக்கால் பாகம் கரி. அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஆறு வார்த்தை: மெயினை அணை. ஆளைத் தொடாதே. பெரியவங்களைக் கூப்பிடு. கிட்டே வைத்துப் பார்த்தால் எழுத்துகளுக்குள் கொஞ்சம் சிவப்பு, சிறுமியின் பாவாடையில் கொஞ்சம் நீலம், ஸ்டூலின் கால் ஒன்று தெரியும். வண்ணம் மையத்துடையது. கறுப்பு வட்டாரத்துடையது. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து இரண்டும் சேர்ந்து ஒழுங்காக ஒரு வாக்கியம் எழுதியது அந்த ஒரு முறைதான். விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு அக்கா அப்படித்தான் பதில் எழுதினார். ஒரு வார்த்தையும் வெட்டவில்லை.