அடியில் புள்ளி வைத்த கிண்ணம்

பழைய சாமான் கடைக்காரனுக்கு ஒரு சாபம் உண்டு: வருஷக்கணக்கில் தூசி தின்ற பொருளை விற்றால், மறுவாரமே அதைத் தேடி ஆள் வரும். பரண் சுத்தம் செய்த நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்.

நாற்காலி

திருப்பூரில் எங்கள் கடைக்குப் பின்தெருவில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அவர் காலமான பிறகு மகள் லில்லி வீட்டைப் பனியன் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அம்மாவைத் தன்னோடு கோவைக்குக் கூட்டிப்போனார். மிச்ச சாமான்கள் மொத்தமாக என்னிடம் வந்தன.

பல் பிடுங்கும் நாற்காலியைக் கடைவாசலில் போட்டேன். கொமரலிங்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் களைப்பாக நின்றார், உட்காரச் சொன்னேன். நாற்காலியைப் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "இல்லீங்க, நான் நின்னுக்கறேன். இதுல ஒருக்கா உக்காந்தது போதுமுங்க."

கிண்ணம்

ஒருநாள் லில்லியே வந்தார். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, தன் பழைய பீங்கான் கிண்ணத்தில் போட்டால்தான் ஆச்சு என்கிறாராம். நீலப்பூக் கிண்ணம், அடியில் புள்ளிபுள்ளியாகக் கொத்தியிருக்கும் என்றார். அந்தக் கிண்ணம் எனக்கு ஞாபகம் வந்தது. அடிபட்டது என்று நினைத்து, மற்ற கிண்ணங்களோடு சேர்த்து மலிவாகத் தள்ளிவிட்டிருந்தேன்.

விசேஷம் என்றால் சீனக் குடும்பங்களில் ஆளுக்காள் கிண்ணம் இரவல் கொடுப்பார்களாம். கலந்துபோகாமலிருக்க அவரவர் பேரை அடியில் ஆணியால் கொத்திவைப்பார்களாம். நான் முழிப்பதைப் பார்த்து லில்லி சிரித்தார். "நீங்க எவர்சில்வர்ல பேர் வெட்டறதில்லீங்களா? அதேதானுங்க."

குச்சி

கிண்ணங்களை வாங்கியது பக்கத்துத் தையல் யூனிட்டின் முதலாளியம்மா. லில்லியை அங்கே கூட்டிப்போனேன். வாசலருகே தூத்துக்குடிப் பக்கத்துச் செல்வி, டிராக் பேண்ட்டுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது டாக்டர் வீட்டில் சாப்பிடும் குச்சி; அதுவும் நான் விற்றதுதான். லில்லி நின்று பார்த்தார். எதற்கான குச்சி என்று சொன்னதும் செல்வி நம்பவில்லை. "நாடா கோக்க இதவிடத் தோதா ஒண்ணு கெடையாதுக்கா. இத வச்சு சோறு வேற திங்கலாமா?"

பேர்

முதலாளியம்மா மேசையில் நீலப்பூக் கிண்ணங்கள் வரிசையாக, வாய் நிறையப் பட்டனோடு இருந்தன. விஷயத்தைச் சொன்னதும் பட்டன்களைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். ஒன்றில் புள்ளிகள் இருந்தன. லில்லி அதை விரலால் தடவி, அம்மா பேரேதான் என்றார். நான் பர்ஸை எடுத்தேன். முதலாளியம்மா என் கையைத் தள்ளிவிட்டார். "ஒருத்தரு பேர் வெட்டுன பாத்தரத்த நாம வெச்சுக்கறதுங்களா? கொண்டுபோயி அம்மாளுக்குச் சோறு போடச் சொல்லுங்க."

சாயங்காலம் லில்லி போன் செய்தார். அம்மா கிண்ணத்தை வாங்கியதும் முதலில் கவிழ்த்து, அடியைத் தடவிப் பார்த்தாராம். அப்புறம் நிமிர்த்தி நீட்டினாராம். "என்ற கிண்ணந்தான். சோத்தப் போடு கண்ணு."

இப்போதெல்லாம் எந்தப் பாத்திரம் வந்தாலும் கவிழ்த்துப் பார்த்து, பேர் இருந்தால் எடுத்து ஒதுக்கிவைக்கிறேன். அதனால் என் கடையில் விற்கிற சாமானைவிட விற்காத சாமான்தான் அதிகம்.