ஆம் என்கிற இரண்டெழுத்து

நோர்வேக்கு வந்த புதிதில் மொழி படிக்க ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதிக்குப் போய்வருவேன். அங்கே ஒரேயொரு பாடத்தில்தான் நான் முதலாவது. 'ஸ்கால் ஹா' என்று இரண்டு சொல். நேரில் காணாததை, பிறர் சொல்லக் கேட்டதை, இந்த நாட்டுக்காரர் அதைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். வகுப்பில் மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதென்ன பெரிய வித்தை, எங்களுடைய 'ஆம்' தானே! வந்தாராம், போனாராம், செத்தாராம். சம்மதம் சொல்ல யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு 'ஓம்' இருக்கிறது. 'ஆம்' முழுவதும் ஊர்க்கதைக்குத்தான். ஆசிரியை என் கொப்பியில் நட்சத்திரம் ஒன்று போட்டுவிட்டார்.

அந்த நட்சத்திரம் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வினையாக வந்தது.

மகள் ஒஸ்லோ நகரத்தில் ஒரு செய்தி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு லோறென்ஸ்கூக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். அன்று இடியப்பத்தை அவியவிட்டு, அவள் எழுதிய செய்தியைக் கைபேசியில் வாசித்தேன். எங்கோ ஒரு நாட்டில் விமானத் தாக்குதல். 'ஆயுததாரிகள் கொல்லப்பட்டனர்' என்று தலைப்பு. அதில் ஸ்கால் ஹா இல்லை. கீழே இறங்கிப் போனால், செத்தவர்களில் சிறு பிள்ளைகளும் 'இருந்தார்களாம்'. அங்கே மட்டும் ஸ்கால் ஹா இருக்கிறது.

குண்டு போட்டவன் சொன்னால் நடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொன்னால் நடந்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வாசலில் சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டேன்.

"ஆர் உனக்குச் சொன்னது அவங்கள் ஆயுததாரிகள் எண்டு?"

"ராணுவத்தின்ரை அறிக்கை, அம்மா."

"அப்ப அதுக்கெங்கை ஆம்?"

"தலைப்பிலை இடமில்லை. ராணுவம் சொன்னது எண்டு உள்ளுக்குப் போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ."

"பிள்ளையளின்ரை கதைக்கு மட்டும் இடம் கிடைச்சதோ?"

என் கோபத்துக்கு ஒரு கதை இருக்கிறது. என் அண்ணா, ஊரில் யுத்தம் நடந்த காலத்தில், பத்தொன்பது வயதில், பாண் வாங்கப் போன இடத்தில் குண்டு விழுந்து செத்தவர். பாண் சுடுகிற போறணையும் அதை ஒட்டிய இரண்டு வீடுகளும் போயின. அன்று பின்னேரம் அரச வானொலி பயங்கரவாதிகளின் ஆயுதக் கிடங்கு தகர்க்கப்பட்டதாக அறிவித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் முழுப் போறணையையே மறைத்தார்கள். செத்தவீட்டுக்கு வந்த ஒருவர், "பாண் காய்ஞ்சால் ஆயுதம்தானே" என்றார். அந்த நேரத்திலும் சிலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வானொலிப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அரசாங்கம் சொல்வதை இனிக் கோழிகள் நம்பட்டும் என்றார்.

அதிலிருந்து எந்த நாட்டு ராணுவம் எதை அறிவித்தாலும் என் காதுக்கு அது போறணைதான். மகளுக்கும் இது தெரியும் என்றுதான் இருந்தேன். உலகம் யாரை நம்பினால் என்ன, என் வயிற்றில் பிறந்தது என்னை நம்பவேண்டாமா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அவள் மேசையடியில் வந்து இருந்தாள். ஜக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, கோவிக்காதேங்கோ. நேரிலை கண்ட ஆக்கள் ஆர் எண்டு தெரியாமல் நான் அடிச்சு எழுதேலாது. தலைப்பிலை ராணுவத்துக்கும் ஆம் போட்டிருக்கவேணும், அது என்ரை பிழைதான். ஆனால் மற்றதுக்கும் போடத்தான் வேணும். உங்கடை கதையும் அப்பிடித்தானே? நீங்களும் கேள்விப்பட்டதுதானே?"

"என்ன சொன்னனி?"

"மாமா பாண் வாங்கப் போனவராம். பொம்மர் வந்ததாம். சைக்கிளை எடுக்கத் திரும்பி ஓடினவராம். நான் சின்னனிலை இருந்து கேக்கிறன், நீங்கள் எப்பவும் இப்பிடித்தான் சொல்லுறனீங்கள்."

உண்மைதான். அவளுக்குச் சோறு ஊட்டும்போதும், பிறகு அவள் கேட்டபோதெல்லாமும், அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டெழுத்தைப் போட்டால்தான் அந்தக் கதை என் தொண்டையைத் தாண்டி வரும். போட்டால் அது வேறு யாரோ வீட்டில் நடந்தது. பிள்ளை அதை இலக்கணமாக எடுத்திருக்கிறாள். தமிழ் ஒழுங்காகப் படி என்று அடித்துப் பிடித்துச் சனிக்கிழமைப் பள்ளிக்கு அனுப்பியவளும் நான்தான்.

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும் போனனான்," என்றேன். "சைக்கிள் பாரிலை இருந்தனான். பொம்மர் குண்டு போடப் பதியேக்கை என்னை மதகுக்குள்ளை தள்ளிவிட்டவர். அப்பாவின்ரை சைக்கிள், அடி விழும் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி ஓடினவர்."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. மிக மெதுவாகக் கேட்டாள்.

"சைக்கிளை எடுத்தவரோ அம்மா?"

"எடுத்தவர். ஹாண்டிலைப் பிடிச்சபடிதான் கிடந்தவர். நான் கண்டனான்."